இரைச்சல் அடங்கும் இடம்

தெற்கு யூட்டாவில் 12ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மேலேறும் மண்பாதை. ஜூனிப்பர் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பெரியவர் இறங்குகிறார். எழுபதைத் தாண்டியவர். கையில் பழைய டிரான்சிஸ்டர், கழுத்தில் ஜி.பி.எஸ். கருவி.

ஆளில்லாத அலைவரிசையில் எஃப்.எம். ரேடியோ 'உஸ்ஸ்' என்று இரையும். டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கொண்டிருந்து, நிகழ்ச்சி மட்டும் வராமல் போனால் அந்த இரைச்சலும் அடங்கிவிடும். கீழே ஊரைக் கடக்கும்போது முள் ஓரிடத்துக்கு வந்ததும் இரைச்சல் அப்படித்தான் அடங்கியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறார். ரேடியோவை மார்போடு அணைத்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுகிறார். எந்தத் திசைக்கு முதுகைக் காட்டும்போது இரைச்சல் திரும்பத் தலைகாட்டுகிறதோ, அந்தத் திசையில் டிரான்ஸ்மிட்டர். அலையை அவர் உடம்பே மறைக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்குகளுக்குப் பெருநகர வானொலி நேராக எட்டாது, மலை தடுத்துவிடும். அதனால் மலைமேல் ஒரு சின்னப் பெட்டி. தாய் நிலையத்தை ஒரு அலைவரிசையில் வாங்கி, இன்னொன்றில் ஊருக்குள் இறக்கிவிடும். இதை டிரான்ஸ்லேட்டர் என்பார்கள். அமெரிக்காவில் 1970இல் அனுமதி கிடைத்தது. உச்ச வரம்பே 250 வாட். மலையில் பத்து வாட்டில் ஓடுபவையும் உண்டு. பெயரும் பெரும்பாலும் எண்தான்: கே, பிறகு சேனல் எண், பிறகு இரண்டு எழுத்து. சேனல் 216 என்றால் 91.1 மெகாஹெர்ட்ஸ். இப்படிப் பெயர் வைத்தால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? முழு நிலையம் ஒன்று அதே அலைவரிசைக்கு வந்தால் இது ஒதுங்க வேண்டும். தொடர்ந்து 12 மாதம் வாய் மூடிக் கிடந்தால் உரிமம் தானாகவே போய்விடும்.

உரிமப் பதிவில் கண்ட இடத்தைத் தேடி ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்து நடந்தவர் வெறும் புதருக்கு நடுவே நிற்கிறார். முகத்தில் கலக்கமில்லை. பழைய உரிமப் பதிவுகளில் இருப்பது 1927ஆம் ஆண்டின் நில அளவைக் கணக்கு. இன்றைய கருவியில் அதை அப்படியே போட்டால் இந்தப் பக்கங்களில் அறுபது மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். 200 அடிக்குக் குறைவான கம்பம் என்பதால் கோபுரப் பதிவேட்டிலும் தேடிப் பயனில்லை. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, பென்சிலால் ஏதோ கழித்துப் பார்த்துவிட்டு மேற்கே திரும்புகிறார்.

அங்கே இருக்கிறது. மரக்கம்பம், இடுப்புயரத் தகரப் பெட்டி, துருப்பிடித்த பூட்டு. ஊரைப் பார்க்கும் ஆன்டெனா நேராக நிற்கிறது. வடக்கே, தாய் நிலையத்தைப் பார்க்க வேண்டியது மட்டும் கவ்வி கழன்று தரையை நோக்கித் தொங்குகிறது. இரண்டு கம்பிகள் வளைந்திருக்கின்றன. போன குளிர்காலத்துப் பனிப்பாரமாக இருக்கும். கேபிள் முனையில் யாரோ கறுப்பு டேப்பை நெருக்கி நெருக்கிச் சுற்றி, பிரியாமலிருக்க மேலே நூலும் கட்டியிருக்கிறார். காற்றில் கை விறைக்கும் இந்த உயரத்தில் அவ்வளவு பொறுமையாக வேலை செய்த அந்தக் கையை நினைத்து எனக்கு மனம் நெகிழ்ந்தது. பெரியவரும் அந்த நூலைத்தான் வெகுநேரம் பார்க்கிறார்.

உள்ளே வரும் சிக்னல் நின்றால் டிரான்ஸ்மிட்டரும் தானாக அணைய வேண்டும் என்பது விதி. இது அணையவில்லை. அந்தச் சுற்று பழுதாகியிருக்க வேண்டும். அதனால்தான் கண்டுபிடிக்கவும் முடிந்தது.

ஆன்டெனாவை நிமிர்த்திக் கட்டிவிட அவர் கை துடிப்பது தெரிகிறது. இன்னொருவர் உடைமை என்பதால் தொடவில்லை. நான்கு பக்கமும் படமெடுக்கிறார். பெட்டிக் கதவில் மங்கிய எழுத்தில் ஒரு தொலைபேசி எண். அழைக்கிறார், யாரும் எடுக்கவில்லை. இடம், பழுது, வேண்டிய கவ்வியின் அளவு என்று நிறுத்தி நிறுத்திக் குரல் பதிவு செய்கிறார். அக்டோபர் பிறந்தாயிற்று, பாதையைப் பனி மூடுவதற்குள் ஆளை அனுப்புங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தன் எண்ணையும் கொடுக்கிறார்.