விலை இல்லாத கட்டம்

இலக்கியம் பேசும் பக்கத்தில் தரவுத்தளத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் புருவம் உயர்த்தக்கூடும். எங்கள் நண்பர் குழுவில் பாதிப்பேர் கணினியால் பிழைப்பவர்கள். அவர்களில் சிலர் போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலைச் சரிவில் காய் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களில் பிறந்தவர்கள். ஆகவே இவ்விரு உலகங்களும் எங்களிடையே அடிக்கடி ஒரே பேச்சில் கலந்துவிடும்.

போடியிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. ஏல முடிவுகள் அவ்வப்போது பட்டியலாக வெளியாகின்றன: நாள், ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை. சில ஆண்டுகளின் பட்டியல்களைத் திரட்டி, ஒரு பகுப்பாய்வுத் தரவுத்தளத்திலிருந்து பரவல் கோப்பு முறைக்கும் அங்கிருந்து மறுபடி தளத்துக்கும் மாற்றிப் பார்ப்பதை நாங்கள் ஒரு பயிற்சியாக மேற்கொண்டோம்.

இரண்டும் களஞ்சியங்களே, இயல்பு மட்டும் வேறு. மண்டிக் கணக்குப்பிள்ளை ஒரு லாட்டின் விவரம் முழுவதையும் ஒரே வரியில் எழுதுவார். பகுப்பாய்வுத் தளமோ அந்தப் பேரேட்டை நெடுக்காகக் கிழித்து, விலைகளை எல்லாம் ஓரிடத்திலும் எடைகளை எல்லாம் வேறோரிடத்திலும் அடுக்கி வைக்கிறது. பத்தாண்டுச் சராசரியை நொடியில் சொல்ல அதனால்தான் முடிகிறது. கூகுள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் வழியில் உருவான ஹடூப் கோப்பு முறை வேறு ரகம். கோப்பை 128 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகளை வெவ்வேறு கணினிகளில் போட்டுவைப்பது அதன் வழக்கம். ஒரு கிடங்கு எரிந்தாலும் சரக்கு தப்பும். ஆனால் எழுதிய கோப்பின் நடுவே ஒரு எழுத்தையும் திருத்த இயலாது; கடைசியில் சேர்க்கலாம், அல்லது முழுவதையும் புதிதாக எழுதலாம்.

போடிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1928-இல் வந்த மதுரை–போடி மீட்டர் பாதை 2010-இன் இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் அகலப்பாதையாகப் போடிவரை மறுபடி திறந்தது. தண்டவாள அகலம் மாறும் நிலையத்தில் ரயில் பெட்டி அப்படியே மறுபாதைக்கு ஏறாது. மூட்டைகளை இறக்கித்தான் ஏற்ற வேண்டும். சரக்கு குறைவதும் மாறுவதும் அந்த நடைமேடையில்தான்.

ஸ்கூப் என்றொரு கருவி பல்லாண்டுகள் அந்தச் சுமைகூலி வேலையைப் பார்த்தது. 2021-இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்று ஸ்பார்க் போன்றவை அதைச் செய்கின்றன. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஸ்கூப் வேலையை நான்கு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். தேதியை வைத்துச் சமமாகப் பங்கிட்டால், காய் குவியும் மாதங்கள் அமைந்த பங்குக்காரர் முதுகொடிய, மற்றவர் சும்மா நிற்பார். கோப்பிலிருந்து தளத்துக்குத் திரும்பும்போது ஒருவர் வழியில் விழுந்தால், மற்ற மூவர் இறக்கிய சரக்கு தளத்தில் அரைகுறையாக நின்றுவிடும். அதனால்தான் முதலில் ஓர் இடைத்தங்கல் அட்டவணையில் இறக்கி, எல்லாம் வந்து சேர்ந்த பிறகே உள்ளே எடுக்கும் வழக்கம் உண்டாயிற்று.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சிக்கல்கள். தெரியாதது வெற்றுக்கட்டம். விலையே எழுதப்படாத கட்டத்தைத் தளம் 'இல்லை' என்று தனியே அறிந்துவைத்திருக்கும். உரைக்கோப்பில் ஸ்கூப் அதை, வேறு கட்டளை இல்லையென்றால், 'நல்' என்ற ஆங்கிலச் சொல்லாக எழுதிவிடும். அதைப் படிக்கும் ஹைவ் எதிர்பார்க்கும் குறியோ வேறு. அடுத்துப் படிப்பவர் அதைப் பூஜ்யமாக்கிவிட்டால், ஏலமே நடக்காத நாள் காய் சும்மா போன நாளாகிவிடும்; சராசரி சரியும். 2013-இல் வந்த பார்க்கே கோப்பு வடிவம் இல்லாமையைத் தனியே குறித்துவைப்பதால் இந்தக் குழப்பம் பெரிதும் குறைந்தது.

எங்கள் வேலையை வேடிக்கை பார்த்த தோட்டக்காரப் பெரியவர் ஒருவர், அட்டவணையில் விரல் வைத்துக் கேட்டார்: "ஏப்பா, விக்காமத் திரும்புன சரக்கை எங்கப்பா எழுதியிருக்கீக?"

வந்த எடைக்கும் விற்ற எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினோம். திரும்பிய காய்க்கு வேறு தடயம் அந்தப் பட்டியலில் கிடையாது. சராசரி விலை விற்றவர்களை மட்டுமே பேசுகிறது. 2018-இன் பெருமழை தோட்டங்களைச் சிதைத்த பின், 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது நாளேடுகள் கொண்டாடிய எண்ணும் உச்சத்துக்குப் போன காயின் விலைதான். அன்று வந்த எல்லாக் காய்க்கும் கிடைத்த விலை அன்று. மாற்றும்போது இடத்தை மிச்சம்பிடிக்க எண்ணி, விலையை மட்டும் எடுத்துக்கொண்டு எடைகளை விட்டுவிடுவது யாருக்கும் தோன்றக்கூடிய சிக்கனமே. அந்தச் சிக்கனத்தில், கட்டுப்படியாகாத விலைக்குத் தர மறுத்து மூட்டையை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்.

இப்போது இருபுறமும் மூன்றை ஒப்பிட்ட பிறகே மாற்றம் முடிந்ததாகக் கொள்கிறோம்: வரிகளின் எண்ணிக்கை, எடைகளின் கூட்டுத்தொகை, வெற்றுக்கட்டங்களின் எண்ணிக்கை. முதலிரண்டை எல்லோரும் பார்ப்பார்கள். பெரியவரின் கேள்விக்கு அவை மட்டும் போதா.