பித்தளைக் கேஜும் பொன்மலைப் பிள்ளைகளும்

நீலகிரி மலை ரயிலுக்காக, நிலக்கரியில் ஓடும் புத்தம்புது நீராவி எஞ்சின் ஒன்றை 2021இல் பொன்மலைப் பணிமனை செய்து அனுப்பியது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்தே எனக்குப் பொன்மலைக்குப் போக வேண்டும் என்றிருந்தது. நீராவிக் காலம் ஓய்ந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் கொதிகலனுக்கு ரிவிட் அடிக்கத் தெரிந்த கைகளை அந்த ஊர் எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது? திருச்சி நண்பரிடம் கேட்டேன். "பெரிய எஞ்சினப் பாக்க அனுமதி வாங்கணும். சின்ன எஞ்சின்னா ஞாயித்துக்கெழம சாயந்தரம் வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1920களின் இறுதியில். அன்றிலிருந்து தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாக அதே வாசலில் நுழைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்டே வளர்கிறார்கள். நண்பர் கூட்டிப்போன வீடு பொன்மலைப்பட்டியில். மாடியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சுவரை ஒட்டி இடுப்பு உயரத்தில் மேசை, அதன்மேல் திருச்சி–தஞ்சாவூர் மீட்டர் கேஜ் பாதை, உண்மையில் 87இல் ஒரு பங்கு அளவில்.

அதைக் கட்டியவர் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்ரண்டிஸாகச் சேர்ந்த நாளில் அவரிடம் கொடுத்தது ஒய்.பி. எஞ்சினின் சக்கரத்தைக் கழுவும் வேலை. டெல்கோ நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் செய்த மீட்டர் கேஜ் பயணிகள் எஞ்சின் அது. "சக்கரத்தக் கழுவிக் கழுவியே அளவெல்லாம் கைக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி" என்றார். மேசைமேல் நின்ற ஒய்.பி.யின் ஓட்டுச் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 16 மில்லிமீட்டர். அசல் சக்கரம் நாலரை அடி. இணைப்புத் தண்டு, வால்வு கியர் எல்லாம் ஜெர்மன் சில்வர் தகட்டில் அறுத்தவை. எஞ்சின் நகரும்போது ஒவ்வொரு தண்டும் தனித்தனியாக அசைவதைக் குனிந்து பார்த்தேன். அங்கிருந்து கண்ணை எடுக்க வெகுநேரம் மனம் வரவில்லை.

கொட்டகையில் இருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இன்னொருவர் ரயில் பெட்டிப் பிரிவில் தச்சராக இருந்தவர். மூன்றாமவர் பெரிய கடைவீதியில் நகை வேலை செய்த பத்தர். இவர்களுடைய பேரப்பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள் என்று சின்னக் கூட்டமே இருந்தது. அந்தக் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு: தன் கையால் ஒரு கேஜ் செய்து முடிக்காத பிள்ளை எஞ்சினைத் தொடக்கூடாது.

கேஜ் என்பது விரல் நீளப் பித்தளைத் தகடு. ஒரு விளிம்பில் 11.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நாக்கு, மறு விளிம்பில் 19.3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நாக்கு. ஃபிட்டர் ஐயா அதை என் உள்ளங்கையில் வைத்துக் கணக்குச் சொன்னார். மீட்டர் கேஜின் 1,000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5. நம் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டரை வகுத்தால் 19.3க்குச் சற்றுக் குறைவு. இதே 87இல் ஒரு பங்கு அளவில் கடையில் விற்கும் ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஓட்டும் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கான அளவு. இந்திய அகலப்பாதை எஞ்சினை அதன்மேல் நிறுத்தினால் உடம்பு அகன்று கால் ஒடுங்கிப் போகும். நாட்டில் பலர் வேறு வழியில்லாமல் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ரயிலு நம்ம அகலத்துல நிக்கணும்" என்று கொட்டகையின் மறுபக்கம் தண்டவாளத்தைத் தானே அமைத்துக்கொண்டிருக்கிறார். தாமிரம் பூசிய சர்க்யூட் அட்டையைக் கீற்றாக அறுத்து ஸ்லீப்பர். அதன்மேல் கம்பியை வைத்துக் கேஜைப் பொருத்திப் பார்த்து ஈயம் பற்றவைக்கிறார். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் தாமிரத்தைச் சுரண்டி இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிவிடும்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கேஜை ராவிக்கொண்டிருந்தான். ஊசி அரத்தால் நாலு இழுப்பு, பிறகு வெர்னியரில் அளவு, மறுபடி இரண்டு இழுப்பு. நாக்கு ஒரு மயிரிழை சிறிதானாலும் அந்தத் தகடு குப்பைக்குப் போகும், புதிதாகத் தொடங்க வேண்டும். அவனுக்கு இது மூன்றாவது தகடு என்று பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். அவன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ஐயா தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, அரத்தை வாங்கித் தான் ராவிக் காட்டவில்லை. "நான் ராவினா அது என் கேஜு ஆயிடும்" என்றார். பொழுதுபோக்கைப் பிள்ளைகளோடு பகிர்வது என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் வேடிக்கை காட்டுவதோடு நின்றுவிடுகிறது. இங்கே பகிர்வது வேலையை. முடிந்த கேஜின் முதுகில் அந்தப் பிள்ளையின் பெயரெழுத்தைக் கொத்தித் தருகிறார்கள். அது அவர்களுக்கே சொந்தம். கொட்டகைச் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்குகின்றன, பெரியவர்களுடையதும் சிறியவர்களுடையதும் ஒரே வரிசையில்.

ஜல்லி போடுவது இன்னும் சின்னப் பிள்ளைகளின் வேலை. எம்-சாண்டை மெல்லிய சல்லடையில் சலித்துத் தண்டவாளத்துக்கு நடுவே தூரிகையால் பரப்புகிறார்கள். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, மருந்துச் சொட்டானால் விடுகிறார்கள். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்குமாம்.  

இருட்டியதும் ரயில் விட ஆரம்பித்தார்கள். ஒற்றைப் பாதையில் ஒரு செக்‌ஷனுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கு ரயில்வே கண்ட வழி நீல்ஸ் டோக்கன் கருவி. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொன்று இருக்கும். பக்கத்து ஸ்டேஷன் சம்மதித்தால்தான் இரும்பு உருண்டை ஒன்று வெளியே வரும். அது வெளியில் இருக்கும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. உருண்டையைப் பையிலிட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டி, போகிற போக்கில் டிரைவர் கையில் கொடுப்பார்கள். இந்தக் கொட்டகையில் உருண்டைக்குப் பதில் கோலிக்குண்டு. அதில் ஸ்டேஷன் மாஸ்டரே எழுதிய ஸ்டேஷன் பெயர்கள். திருவெறும்பூருக்கு ஒரு சிறுமி, பூதலூருக்குத் தச்சர், எஞ்சினுக்கு ஐயா. மணி அடித்து "லைன் கிளியர்" கேட்டார்கள். முன்னால் போன சரக்கு ரயிலின் கோலி இன்னும் வந்து சேரவில்லை. ஐயா அவசரப்படுத்தினார். "கோலி வரட்டும் தாத்தா, சிக்னல் தரமாட்டேன்" என்று அந்தச் சிறுமி கைகாட்டியை இறக்கவே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து அவளுக்கு சல்யூட் வைத்தார். நாற்பது ஆண்டு உத்தியோகத்தில் அவர் காத்த விதி ஒன்பது வயதுப் பெண்ணின் வாயில் வந்துவிட்டது.

பத்தரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அச்சில் வார்த்த நகையும் இயந்திர நகையும் வந்த பிறகு அவருடைய பட்டறையில் வேலை குறைந்தது. பிளேடு ரம்பம் பிடித்த கை சும்மா இருக்கவில்லை. ஃபிட்டர் வரைந்து கொடுத்த அளவுக்குத் தண்டும் சக்கர ஆரமும் அறுக்க ஆரம்பித்தார். பிறகு வெங்காரம் வைத்து வெள்ளிப் பற்று போட்டு முழு எஞ்சினே செய்தார். எஞ்சின் தயாரிப்பாளர்கள் தம் பெயரும் வரிசை எண்ணும் ஆண்டும் பொறித்த தகட்டை எஞ்சினில் பதிப்பது உலக வழக்கம். பத்தரும் தன் பெயரையும் ஊரையும் கீறிய, அரிசி அளவுத் தகடு ஒன்றைப் பதித்தார். இடைத்தரகர் ஒருவர் 15,000 ரூபாய்க்கு வாங்கிப் போனார். அதற்குப் போன உழைப்பு நாலு மாதம். அதே எஞ்சின் ஒரு பெருநகரக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் 70,000 ரூபாய்க்கு இருப்பதை உறவுக்காரப் பையன் படம் எடுத்து அனுப்பினான். பெயர்த்தகடு இருந்த இடம் அரத்தால் வழிக்கப்பட்டிருந்தது.

விலையில் அடித்த கொள்ளையைவிட அந்தப் பெயரை வழித்த கைதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரியை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆக உயர்த்தினார்கள். 2023இல் அது 70 ஆனது. உள்நாட்டில் செய்பவர்களுக்குப் பாதுகாப்பு என்றார்கள். மின்சாரப் பொம்மை ரயிலும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. வெளிநாட்டு எஞ்சினின் விலை ஏற ஏற, கையால் செய்த எஞ்சினுக்குக் கடைக்காரர் சொல்லும் விலையும் ஏறியது. பத்தருக்கு வந்த கூலி ஏறவில்லை. செய்தவன் யார் என்று வாங்குபவனுக்குத் தெரியாதவரை எந்த வரியும் செய்தவன் கைக்குப் போய்ச் சேராது. இது ரயில் பொம்மைக்கு மட்டுமா? கோரைப்பாய்க்கும் குத்துவிளக்குக்கும் நாம் செய்துவரும் அநியாயம் இதேதான்.

இப்போது பத்தர் தரகருக்குக் கொடுப்பதில்லை. வேண்டுபவர்கள் கொட்டகைக்கே வந்து வாங்கலாம். ஆண்டுக்கு இரண்டு எஞ்சினுக்கு மேல் செய்ய முடியாது என்கிறார். பெயர்த்தகட்டை வெளியே ஒட்டாமல், கழற்ற முடியாதபடி எஞ்சின் சட்டகத்தோடு சேர்த்தே பற்றவைக்கிறார்.

கைவேலை எதை வாங்கினாலும் செய்தவர் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பழைய ரயில் ஏதாவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்து, நண்பர்களின் பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரை அவர்கள் கையில் கொடுங்கள்.