கற்பிட்டித் தோட்டங்களில் வேளைக்கீரை

புத்தளம் கடல்நீரேரிக்கும் திறந்த கடலுக்கும் இடையில் வடக்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் தோட்டங்களில் சின்ன வெங்காயமும் மிளகாயும் ஆழமற்ற கிணறுகளின் நீரைக் கொண்டு பயிரிடப்படுகின்றன. எருவும் நீரும் தாராளமாகக் கிடைக்கும் அத்தகைய பாத்திகளில் தானாக முளைக்கும் நல்வேளை இங்கு வெறும் களை. கென்யாவிலும் சிம்பாப்வேயிலும் அதே செடி சந்தைக்கு வரும் கீரை.

களை பிடுங்கும் கூலிப்பெண்களின் தொழில் குனிந்த முதுகின் உழைப்பு மட்டுமன்று, செடியறியும் கண்ணின் தொழிலும் ஆகும். ஐந்து சிற்றிலைகள் விரல்போல் விரிந்து, வெண்பூவும் பிசுபிசுப்பான தண்டும் கொண்டது நல்வேளை; மஞ்சள் பூவுடைய நாய்வேளை அதன் வேறோர் உறவு. பூக்கும் முன் கிள்ளிய கொழுந்தே கறிக்கு ஏற்றது. காய் பிடித்தபின் கசப்பு மிகும். களைக்கொல்லி தெளித்த பாத்தியிலிருந்து எதையும் பறிக்கலாகாது என்பதால், கீரைக்கும் களையெடுப்புக்கும் உள்ள தொடர்பு இரசாயனக் கொள்கையையும் சார்ந்தது. இலங்கையில் 2015இல் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி தடைசெய்யப்பட்டு, 2022இல் அத்தடை நீக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் கையால் களையெடுப்போரின் தேவை கூடியது இயல்பே.

கடுகின் காரத்தை ஒத்த நெடியும் கசப்பும் இக்கீரையின் குணம் என்பதால் சமையலே அதன் நுட்பம். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் கசப்பு தணியும், உயிர்ச்சத்து சியும் கணிசமாகக் குறையும். மேற்குக் கென்யாவில் அவித்த இலையில் பால் சேர்த்து இரவு முழுதும் ஊறவிடுவர். சிம்பாப்வேயில் நிலக்கடலை விழுது கலப்பர். கசப்பைப் புளிப்பாலும் கொழுப்பாலும் அடக்கும் இம்முறை தமிழருக்குப் புதிதன்று: புறநானூற்றின் 215ஆம் பாடலில் ஆயர்மகள் வேளைப்பூவைத் தயிருடன் அடுகிறாள், 246ஆம் பாடலில் கைம்பெண்ணின் உணவாக எள்ளும் புளியும் சேர்ந்த வேளை வருகிறது. சிறுபாணாற்றுப்படையிலோ, கிணைப்பறை முழக்கும் குடியைச் சேர்ந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி, உப்பும் இல்லாமல் அவித்து, பிறர் பார்க்க நாணிக் கதவடைத்து உண்கிறாள். குப்பையில் அது செழிப்பதற்குக் காரணம் எருச்சத்தில் அதற்குள்ள விருப்பம். உரமிட்ட வெங்காயப் பாத்தியில் முளைப்பதற்கும் அதுவே காரணம்.

அக்கிணைமகள் கிள்ளியதுபோலவே கொழுந்தை இன்றும் நகத்தால் கிள்ளலாம். ஆனால் புத்தளத்து உப்பளங்கள் வெண்குவியல்களாக உப்பை வாரி ஒதுக்கும் இக்கரையில், அதை உப்பின்றி உண்ணும் நிலை எவருக்கும் நேராது. தேங்காய்ப்பூ சேர்த்த வறையாகவோ, தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் விட்ட சொதியாகவோ அது எளிதில் பொருந்தும். விதைப்பவர் எவருமின்றி ஒவ்வொரு மாரியிலும் முளைக்கும் இச்செடியைப் பாத்தியோரத்தில் எறிந்து காயவிடுவதில் சிக்கனம் ஏதும் இல்லை. நமீபியாவிலோ அவித்த இலையைத் தட்டிக் காயவைத்து, கீரை கிடைக்காத வறட்சி மாதங்களுக்குச் சேமிக்கின்றனர்.