மூட்டு விடாமல்

கோயம்புத்தூர் சத்தி சாலையை ஒட்டிய ஒரு வில்லா குடியிருப்பு. காலை எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது குட்டி யானை வண்டியிலிருந்து புல் இறங்கிக்கொண்டிருந்தது. கொரியன் புல். சின்னச் சின்னப் பாய்களாக வெட்டி, ஈரச் சாக்கு போர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள். மேஸ்திரி, இளைஞர்கள் இருவர், பெண்கள் இருவர் என ஐந்து பேர். பெண்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தோட்ட வேலை, அதுபோகப் பக்க வேலை, ராத்திரியில் வள்ளி கும்மி. இவ்வளவையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன். “கேக்கறது அப்புறம் கேளுங்க. மொதல்ல உக்காருங்க” என்று ஒரு களைக்கொத்தைக் கையில் கொடுத்தார் மேஸ்திரி.

ஓரத்தில் ஒரு திட்டு கோரை மிச்சமிருந்தது. மேலே பார்க்கச் சாதுவான புல். அடியில் ஒரு கிழங்கு, அதிலிருந்து நூல்போல ஒரு தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. தழையைப் பிடித்து இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளே கிடந்து, நாம் புல்லுக்கு ஊற்றும் தண்ணீரையே குடித்துத் தழைக்கும். அதனால் ஒருமுறை கொத்திப் பொறுக்கியபின் நிலத்துக்குத் தண்ணீர் விட்டுச் சில நாள் சும்மா இருக்க வேண்டும். தப்பிய கிழங்குகள் முளை காட்டும். மறுபடி எடுக்க வேண்டும். என் வீட்டு வாசலில் ஒருவர் ஒரே நாளில் எல்லாம் முடித்துக்கொடுத்தார். மறுமாதம் அங்கே விலை கொடுத்து வாங்கிய புல்லைத் தேடவேண்டியிருந்தது.

“இந்தக் காத்திருக்கற நாளுக்குத்தானுங்க வீட்டுக்காரங்க காசு தரமாட்டாங்க” என்றார் அக்கா.

செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து பரப்பி, நூல் கட்டி, மட்டப்பலகை இழுத்து வைத்திருந்தார்கள். கண்ணுக்குச் சமதளம், ஆனால் தண்ணீர் விட்டால் வடிகால் பக்கம் போகும். அதன்மேல் பாய்களைச் செங்கல் கட்டுவதுபோல மூட்டு மாற்றி மாற்றிப் பதிக்கிறார்கள். நானும் ஒரு வரிசை பதித்தேன். மேஸ்திரி வந்து விரலை இரண்டு பாய்களுக்கு நடுவே விட்டுக் காட்டினார். விரல் தாராளமாக இறங்கியது. “மூட்டு உட்டுட்டீங்க. இந்தச் சந்துல வெயில் எறங்குனா ஓரம் காஞ்சுரும். கோரையும் இதுலதான் எட்டிப் பாக்கும்.” என் வரிசை முழுவதையும் பெயர்த்து மறுபடி வைத்தார்கள். முட்டி எனக்கு அரைமணி நேரத்திலேயே கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அக்கா பகல் பூராவும் அதே குந்தலில் நகர்ந்துகொண்டே போனார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் கணக்கு புரிந்தது. கோரைக்காகக் காத்திருக்கும் அந்தச் சும்மா நாட்கள்தான் இவர்களுடைய மற்ற வேலைக்கான நாட்கள். இளைஞர்களில் ஒருவர் கருவி மாட்டித் தென்னை ஏறுகிறார். ஒரு தோப்பில் காய் பறித்தால் அடுத்த முறை அங்கே ஏற ஏறத்தாழ 45 நாள் ஆகும், அதற்குள் வேறு தோப்புகள். அக்கா முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறார். மேஸ்திரிக்கு இரண்டு கறவை மாடுகள்; விடியுமுன் கறந்து பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் வருகிறார். புல்வெட்டும் மிஷின் ஓட்டும் வீடுகளிலிருந்து வெட்டிய புல்லை மூட்டை கட்டி மாட்டுக்குக் கொண்டுபோவார். எல்லா வீட்டிலிருந்தும் அல்ல. “மருந்தடிச்ச புல்லு மாட்டுக்கு ஆகாதுங்க.” தான் மருந்தடிக்காத வீடுகளின் பட்டியல் அவர் மனதில் இருக்கிறது.

எப்போதும் இப்படிச் சீராகப் போவதில்லை. ஆவணி பிறந்தால் கல்யாணமும் புதுமனை புகுவிழாவும் ஒரே முகூர்த்தத்தில் விழும். வீட்டுக்காரருக்கு விழாவுக்கு முன் புல் பச்சையாக இருக்க வேண்டும். அக்காவுக்கு அன்று மண்டபம். போன வருடம் இப்படி மாட்டிக்கொண்டு, ராத்திரி விளக்குப் போட்டுப் புல் பதித்துவிட்டு, குளித்து நேராக மண்டபத்துக்குப் போனதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையும் முகூர்த்தமும் தோப்பும் விட்டுக்கொடுத்த இடைவெளியில் இவர்கள் மாறிமாறிக் கால் வைக்கிறார்கள். இதற்குத் திட்டமிட்ட வாழ்க்கை என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

வேலிக்கு அப்பால் கோனோகார்ப்பஸ் வரிசையாக நின்றது. தண்ணீர் குறைவாகக் கேட்கும், சீக்கிரம் சுவர்போல எழும்பும் என்று ஊரெல்லாம் கேட்டு வாங்கி நட்ட மரம். தமிழ்நாடு அரசு 2025இல் அதை நடவும் விற்கவும் தடை விதித்தது. “நட்டதும் நாங்கதான், இப்பப் புடுங்கறதும் நாங்கதான். ரெண்டுக்கும் கூலி உண்டுங்க” என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை.

இரவு ஏழரைக்கு அவர்கள் ஊர்க் கோயில் திடல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பாட்டிகள் வரை வட்டம் கட்டி நின்றார்கள். கும்மியாசிரியர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடிக் கைகொட்டி அடவு மாற்றுகிறார்கள். ஒருகாலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியது. கோவை மாவட்டத்துக் கும்மியாசிரியர் பத்ரப்பன் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அந்த வழக்கத்தை மாற்றினார். 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவருக்கு வயது 87. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வள்ளி தினைப்புனம் காக்கிறாள், பரண்மேல் நின்று ஆலோலம் சொல்லிக் கிளி விரட்டுகிறாள், முருகன் வேடம் மாற்றி வருகிறான். பகலெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கோரை பொறுக்கிய அக்கா, கவண் சுற்றுவதுபோலக் கை வீசி ஆடினார். குந்தியே கிடந்த முட்டிகள்தானா இவை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வலிக்கலையா?” என்றேன் இடைவேளையில்.

“இது ஆடாத அன்னிக்குத்தானுங்க வலிக்குது. படுத்தாத் தூக்கமும் வராது.”

இதில் காசு ஏதும் வருகிறதா என்று கேட்டேன். ஒரே நிறத்தில் சேலை எடுக்க அவர்கள் கைக்காசுதான் போகிறதாம். கேட்டிருக்க வேண்டாம்.

மேஸ்திரியின் போன் அடித்தது. காலையில் புல் பதித்த வீட்டுக்காரர். ராத்திரியிலும் தண்ணீர் விடலாமா என்று கேட்கிறார். “வேண்டாங்க, வெடியால உடுங்க” என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டு வட்டத்துக்குத் திரும்பியவர், என் கையையும் பிடித்து இழுத்தார். வலது, வலது, இடது, கைகொட்டு. மூன்றாவது சுற்றில் எனக்கும் முன்னால் ஆடிய சிறுமிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவு இடம் விழுந்துவிட்டது. பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது:

“ஏனுங்க, இங்கயும் மூட்டு உட்டுட்டீங்களே!”