பஞ்சாரத்துக் கோழிக்குஞ்சும் ஜெனரேட்டரும்

போன வாரம் மதுரையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு. "அண்ணாச்சி, வீட்டுக்குச் சின்னதா ஒரு ஜெனரேட்டர் வாங்கலாம்னு இருக்கேன், பால்கனியில வச்சுக்கலாமா?" அப்படின்னு கேட்டாரு. எனக்கு வயித்துக்குள்ள சுருக்குன்னுச்சு. ஏன்னு சொல்றேன்.

2012-ஆம் வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையில ரெண்டு மணி நேரம் கரண்டு போனாலே பேப்பர்ல வந்தது. எங்க பக்கம் பகலும் ராவுமாச் சேர்த்து பத்து மணி நேரத்துக்கு மேல இருக்காது. மக பிளஸ் டூ படிச்சுக்கிட்டு இருந்தா. சிம்னி விளக்குல படிச்சுக் கண்ணு எரியுதுன்னு அழுவா. மைக்செட் வச்சிருக்குற என் மச்சினன், கோயில் கொடைக்குக் கொண்டு போற பெட்ரோல் ஜெனரேட்டரைக் கொஞ்ச நாளைக்கு வச்சுக்கோங்க மாமான்னு குடுத்தான். ரெண்டு பேர் தூக்கலாம், அவ்வளவுதான் கனம்.

என் வீட்டுக்காரி இருபது வருசமா பயர் ஆபீஸுக்கு வேலைக்குப் போறவ. எங்க பக்கம் பட்டாசு ஃபேக்டரியை ஆபீஸுன்னுதான் சொல்லுவோம். மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்குற செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும், உடம்புல இருக்குற கரண்டு எறங்கணும்னு. நைலக்ஸ் சேலை கட்டக் கூடாது. அந்த வருசம் செப்டம்பர் 5-ஆம் தேதிதான் முதலிப்பட்டி வெடிவிபத்து. ஏறத்தாழ 40 உசுரு. அதுல பாதிப் பேரு சத்தம் கேட்டு என்னன்னு பாக்கவும் காப்பாத்தவும் ஓடுன அக்கம்பக்கத்துச் சனம்னு ஊரே பேசிக்கிட்டு இருந்த நேரம். அதனால ஜெனரேட்டரைப் பாத்ததும் அவ மொதல்ல சொன்னது, "ஏங்க, பெட்ரோல் கேனை மாட்டுக் கொட்டத்துல கொண்டு போய் வைங்க. அடுப்புப் பக்கம் வரக் கூடாது."

வச்சேன். தீக்கு என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சோம். ஆனா புகைக்கு ஒண்ணும் செய்யல. தெரியாது.

ஐப்பசி மாசம், நல்ல மழை. மழையில நனையக் கூடாதுன்னு ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துல வச்சு, சுத்தித் தார்ப்பாயைக் கட்டிவிட்டேன். பட்டாசல் கதவு தொறந்திருந்தது. ஓட்டு வீடு, சாரல் அடிக்குதுன்னு ஜன்னலை மட்டும் சாத்தியிருந்தோம். ஒன்பது மணிக்கு ஸ்டார்ட் பண்ணிட்டு, வரப்பு ஒடைஞ்சிருச்சான்னு பாக்க மம்பட்டியை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டேன். பருத்தியில தண்ணி நின்னா அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பதினோரு மணி இருக்கும். வீட்டுல லைட் எரியுது. மக புத்தகத்து மேலயே தலையை வச்சுத் தூங்குறா. அசதியா இருக்கும்னு நெனச்சேன். வீட்டுக்காரி சுவர்ல சாஞ்சு கெடக்கா. எங்க அம்மா மட்டும், "ஏய்யா, மண்டையப் பொளக்குதுய்யா"ன்னு முனங்குனாங்க. சத்தத்துக்குத் தலைவலி போலன்னு ஜெனரேட்டரை நிப்பாட்டப் போனேன். பக்கத்துல பஞ்சாரத்துல கோழி அடைச்சிருந்தோம். டார்ச் அடிச்சுப் பாத்தா ஆறு குஞ்சும் காலை நீட்டிக் கெடக்கு. கழுத்துத் தொங்குது.

அப்பத்தான் புத்தியில பட்டுச்சு. மகளைத் தூக்கி மழையிலயே வெளியில போட்டேன். அப்புறம் அவ, அப்புறம் அம்மா. பக்கத்து வீட்டு ஆட்டோவுல சிவகாசி ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் கேட்ட மொதக் கேள்வி: "வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் ஓடுச்சா?" ஆக்சிஜன் வச்சாங்க. விடியும்போது மக கண்ணு முழிச்சு, "அப்பா, கெமிஸ்ட்ரி முடிக்கலப்பா"ன்னா. நான் வராந்தாவுல உக்காந்து அழுதேன்.

டாக்டர் வெவரமாச் சொன்னாரு. பெட்ரோலோ டீசலோ எரியும்போது கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும். நிறம் கெடையாது, வாடை கெடையாது. நம்ம ரத்தம் ஆக்சிஜனைப் பிடிக்கிறதைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். அப்புறம் ஆக்சிஜனுக்கு எடம் இருக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, தூக்கம். தூங்குறவனுக்கு இதுகூடத் தெரியாது. குஞ்சுக முந்துனதுக்கும் காரணம் இருக்கு. சின்ன உடம்பு, வேகமா மூச்சு வாங்கும். இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள 1986 வரைக்கும் கேனரிக் குருவியைக் கூண்டுல கொண்டு போனாங்களாம், அது விழுந்தா ஆளுங்க வெளிய ஓடணும்னு. எங்க வீட்டுல பஞ்சாரம் அந்த வேலையைச் செஞ்சிருக்கு.

எங்களுக்கு அதிர்ஷ்டம். 2018 அக்டோபர்ல சென்னை கோயம்பேடு பக்கம் ஒரு வீட்டுல அது இல்ல. ராத்திரி கரண்டு போயிருக்கு, ஜெனரேட்டரைப் போட்டுட்டுப் படுத்துட்டாங்க. புருசன், பொண்டாட்டி, மகன், மூணு பேரும் காலையில எந்திரிக்கல. படிச்சவங்க இருக்குற ஊருதான். 2021 பிப்ரவரியில அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல குளிர்ல கரண்டு போனப்பவும் இதே மாதிரிப் பல பேரு போயிட்டாங்க. ஊரு வேற, வாயு ஒண்ணுதான்.

அதனால அந்தத் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். பால்கனி, கார் ஷெட், மாடிப்படிக்குக் கீழ, தாழ்வாரம், எதுவும் வேண்டாம். திறந்த வெளியில, கதவு ஜன்னல்ல இருந்து இருபது அடியாவது தள்ளி, புகைக் குழாய் வீட்டைப் பாக்காம வைங்க. மழைன்னா மேல மட்டும் ஒரு தகரம், நாலு பக்கமும் தொறந்து கெடக்கணும். அதுக்கு எடம் இல்லாத வீட்டுக்கு இன்வெர்ட்டர் போதும். பெட்ரோல் ஊத்தணும்னா நிப்பாட்டி, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊத்துங்க. சைலன்சர் சூட்டுல ரெண்டு சொட்டு விழுந்தாப் போதும், பத்திக்கும்.

இன்னொண்ணு. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சு, தூத்துக்குடிச் சீமையே முங்குச்சு. தண்ணி வடிஞ்சதும் ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருக்குற சொந்தக்காரங்களுக்குத் தண்ணி மோட்டார் போட ஜெனரேட்டரைக் கொண்டு போனேன். அங்க ஒரு பையன் ரெண்டு முனையிலயும் பிளக் வச்ச வயரை எடுத்துக்கிட்டு வர்றான், ஜெனரேட்டர்ல இருந்து நேரா வீட்டுப் பிளக்குல சொருகி வீடு முழுக்க லைட் போடலாம்னு. வயரைப் புடுங்கிட்டேன். அப்படிச் சொருகினா கரண்டு மெயின் வழியா வெளிய போயி, டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா ஏறி, 230 வோல்ட்டு ஆயிரக்கணக்கான வோல்ட்டா லைன்ல நிக்கும். லைன் செத்துக் கெடக்குன்னு நம்பி போஸ்ட்ல ஏறி நிக்கிற வயர்மேன் கதி என்ன? சேஞ்ச் ஓவர் சுவிட்சு வைக்காம வீட்டு வயரிங்ல குடுக்கவே கூடாது. "மாமா, இவ்வளவு இருக்கா"ன்னான் பையன். மோட்டாருக்கு மட்டும் தனி வயர் போட்டுத் தெருவுக்கே தண்ணி எறைச்சோம்.

மக இப்ப நர்ஸா இருக்கா. வீட்டுக்காரி இன்னமும் ஆபீஸுக்குப் போறா. மச்சினன் ஜெனரேட்டர் கோயில் கொடைக்குப் போயிட்டு வந்தா எங்க வேப்ப மரத்தடியிலதான் நிக்கும், வீட்டை விட்டு முப்பது அடி. அம்மா இருந்தவரைக்கும் அதைப் பாத்தாலே, "ஏய்யா, கோழியப் பிடிச்சு அந்தப் பக்கம் அடைங்கய்யா"ன்னு சொல்லுவாங்க.

அந்தத் தம்பி இன்வெர்ட்டரே வாங்கிட்டாராம். நேத்து போன் பண்ணாரு.