கால் பலவீனமில்லை, பூட்ஸ்தான் பெரிது!

"வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசாவே வாங்கு!" இந்தப் பேச்சு கேட்காத வீடு நம்மில் உண்டா? தீபாவளிப் பாவாடையானாலும் சரி, பள்ளிக்கூட யூனிபாரமானாலும் சரி, ஓரத்தில் நாலு விரல் மடித்துத் தைத்து, அடுத்த வருஷம் பிரித்து விடுவது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த சிக்கனம். துணிக்கு அது சரிதான். காலில் மாட்டுவதற்கும் அது பொருந்துமா? அதுவும் ஐஸ் மேல் ஓடுகிற குழந்தையின் காலுக்கு? போன பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் பெரிய பிரச்னையே இதுதான்.

நாங்கள் இருப்பது கனடாவில், டொரன்டோவைச் சேர்ந்த ஸ்கார்பரோவில். நம்மூரில் லீவு விட்டால் கிரிக்கெட் மட்டை மாதிரி, இங்கே குளிர் வந்துவிட்டால் பிள்ளைகள் கையில் ஹாக்கி மட்டை. 1994-ல் சட்டம் போட்டே ஐஸ் ஹாக்கியைக் குளிர்காலத்துக்கான தேசிய விளையாட்டு ஆக்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! நம் ஹாக்கி போலப் பந்து கிடையாது. கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றைத் துரத்துகிறார்கள். காலில் ஸ்கேட்ஸ், அதாவது அடியில் இரும்புத் தகடு வைத்த கெட்டியான பூட்ஸ். என் பத்து வயது மகளும் இந்தப் பேட்டைப் பெண் குழந்தைகள் டீமில் ஆடுகிறாள். மட்டையைத் தொட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அப்படிப்பட்டவள், டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், "அம்மா, நான் இனிமே போகலை" என்றாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ராத்திரி காலுறையைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. இரண்டு கணுக்கால் மொட்டிலும் தோல் சிவந்து கன்றிப் போயிருந்தது. முன்பக்கம், பாதமும் காலும் மடிகிற இடத்தில், லேஸ் பதிந்த தடம் வரி வரியாக இருந்தது. ஐஸில் நிற்கும்போது இரண்டு காலும் உள்பக்கமாகச் சாய்வதை நான் கவனித்திருந்தேன். அதைக் கேட்டதற்கு டீமில் சொல்லிக் கொடுப்பவர், "உங்கள் பெண்ணுக்குக் கணுக்கால் பலவீனம், இந்த ஆட்டம் சரிப்படாது போலிருக்கிறது" என்று சொல்லியிருந்தார். அதைக் குழந்தை காதில் போட்டுக்கொண்டு மனசுக்குள்ளேயே மருகியிருக்கிறாள்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தினமும் நீவி விட்டார். இதமாக இருந்தது. ஆனால் மறுபடி ஸ்கேட்ஸைப் போட்டதும் பழைய கதைதான்.

அந்த ஸ்கேட்ஸ் என் கணவரின் அண்ணன் பையன் போட்டுக் கழித்தது. நல்ல கம்பெனி, விலையும் கூடுதல். "எதுக்கு வீணாக்கணும், குட்டி போட்டுக்கட்டும்" என்று அன்பாகக் கொடுத்தார்கள். சைஸ் 5. என் பெண் போடுகிற ஷூ 4. இடைவெளியை அடைக்க இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை மாட்டிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்களோடு ஐஸ் மைதானத்துக்கு வந்தார். பேத்திக்கு நான் லேஸ் இழுத்துக் கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, பெரிய வளையலை வாங்கி, கழண்டு விழாம இருக்க நூல் சுத்துற மாதிரியில்ல இருக்கு! வளையக்காரன் கையைப் பிடிச்சுப் பார்த்துதானே அளவு எடுப்பான். காலைப் பார்த்து யாரும் அளவு எடுக்கலையா?" என்றார். ஐஸ் ஹாக்கி என்றால் என்னவென்றே தெரியாதவர் சொன்ன இந்த வார்த்தைதான் எங்களுக்கு வழி காட்டியது.

மறுநாள் சாயங்காலமே ஸ்கேட்ஸ் மட்டும் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். சாயங்காலத்தில் பாதம் சற்று உப்பியிருக்கும் என்பதால் எந்தச் செருப்பு, ஷூ வாங்கவும் அதுதான் நல்ல நேரம். கடைக்காரர் வயதானவர். முதலில் இரண்டு பாதங்களையும் தனித்தனியே நீளம், அகலம் என்று அளந்தார். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பதில்லையாம், பெரியதற்குத்தான் பார்க்க வேண்டுமாம். பிறகு அவர் எடுத்து வந்தது சைஸ் 3! என் கணவர் திடுக்கிட்டுப் போனார். "ஹாக்கி ஸ்கேட்ஸ் எப்போதும் ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகத்தான் வரும். கூடுதலாக வாங்கினால் கால் உள்ளே நீந்தும்" என்றார் அவர்.

அவர் செய்து காட்டிய சோதனைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது விரல் சோதனை. லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி, குதிகாலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விரல் நுழைந்தால் சரி, இரண்டு நுழைந்தால் பெரிது. இரண்டாவது, லேஸ் கட்டி நேராக நிற்கும்போது கால் விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய், விரல் விலகிவிட வேண்டும். மூன்றாவது பென்சில் சோதனை. காலை உள்ளே விட்டு, லேஸ் கட்டாமல், மேலிருந்து மூன்றாவது ஓட்டை இருக்கும் இடத்தில் பென்சிலைக் குறுக்கே வைக்க வேண்டும். பாதத்தில் இடிக்காமல் இரண்டு ஓரத்திலும் படிந்தால் ஆழம் போதும். பாதத்தின் மேல் தங்கி ஆடினால் ஆழம் போதாது, லேஸ் நரம்பை அழுத்தும்.

காலுறை ஒன்றே ஒன்று, அதுவும் மெல்லியது. அகலத்திலும் ஒடுக்கம், நடுத்தரம், அகலம் என்று வகைகள் உண்டு.

வலியின் காரணத்தையும் அவரே விளக்கினார். அடியில் இருக்கும் தகட்டின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதன்மேல் உடம்பு நிமிர்ந்து நிற்க, பூட்ஸ் குதிகாலைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த வேலை முழுவதும் கணுக்கால் தசைகளின் தலையில் விழுகிறது. அவை களைத்ததும் கால் உள்ளே சாய்கிறது. ஆட்டத்தைச் சரிக்கட்டக் குழந்தை லேஸை இன்னும் இறுக்குகிறது; முன்பக்கத் தசைநாண் நசுங்கி வலிக்கிறது. "கால் பலவீனம் என்று சொல்கிற குழந்தைகளில் நிறையப் பேருக்கு பூட்ஸ்தான் பிரச்னை" என்று அவர் சொன்னபோது, என் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

புதிய பூட்ஸை அதற்கென்று இருக்கும் ஒரு அடுப்பில் சில நிமிஷம் சூடாக்கி, காலில் மாட்டி, லேஸ் கட்டிப் பதினைந்து நிமிஷம் அசையாமல் உட்கார வைத்தார். சூட்டில் இளகிக் காலின் வடிவத்துக்குப் படிந்துவிடுமாம். "செருப்பைப் போய் இட்லி மாதிரி வேக வைக்கிறாங்களே!" என்று அத்தை சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. பசை விட்டுப்போகும். அன்று முழுவதும் போட்டு நடக்கவும் கூடாது. அடுத்தவர் போட்ட ஸ்கேட்ஸ் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அது அண்ணன் பையனின் காலுக்குப் படிந்தது!

ஒரே நாளில் வலி மாயமாகிவிடவில்லை. முதல் இரண்டு வாரம் பூட்ஸ் கடிக்கத்தான் செய்தது. மேல் ஓட்டையை விட்டுவிட்டுக் கட்டினால் முழங்கால் நன்றாக மடங்குகிறது என்று கண்டுகொண்டோம். லேஸை நடுப்பகுதியில் இறுக்கமாகவும் விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவும் கட்டினோம். ஆடி முடித்ததும் தகட்டைத் துடைத்து, உள்மெத்தையை வெளியே எடுத்து, ஹீட்டர் பக்கம் வைக்காமல் காற்றில் உலர்த்துகிறோம். வலித்த அன்று துணியில் சுற்றிய ஐஸை ஒரு கால் மணி நேரம் வைப்போம். மூன்றாவது வாரத்தில் கன்றல் மறைந்தது. கால் நிமிர்ந்து நின்றது. "போகலை" என்ற பேச்சும் நின்றது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா வலிக்கும் பூட்ஸைக் குறை சொல்லிவிட முடியாது. கால் பிசகினால் எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்க 1992-ல் கனடாவின் ஒட்டாவா டாக்டர்கள் வகுத்த விதிகளை இன்று பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். கணுக்கால் மொட்டின் பின்ஓரத்திலோ நுனியிலோ எலும்பைத் தொட்டால் வலித்தாலும், நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் படம் எடுத்துப் பார்ப்பது அவசியம். அப்போது எண்ணெய் போட்டு நீவவே வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். சுமார் 8 வயதிலிருந்து 14 வயதுக்குள் குதிகாலில் விடாமல் வலி இருந்தால் அது எலும்பின் வளரும் பகுதியில் வருவதாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நம்மூரில் ஐஸ் ஏது, ஸ்கேட்ஸ் ஏது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட ஷூவும், சக்கர ஸ்கேட்ஸும், ஓட்டப்பந்தய ஷூவும் இருக்கிறதே! எத்தனை குழந்தைகள் பெரிய ஷூவில் பஞ்சைத் திணித்துக்கொண்டு ஓடுகிறார்கள்! குழந்தை "கால் வலிக்குது" என்றால், சோம்பேறி, சோப்ளாங்கி என்று பட்டம் கட்டுவதற்கு முன்னால் ஷூவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு காகிதத்தில் பாதத்தை வரைந்து வையுங்கள், வளர்ச்சி தெரிந்துவிடும்.

பாவாடைக்கு நாலு விரல் மடிப்பு இருக்கட்டும். கால் மட்டும் இன்றைக்கு என்ன அளவோ, அந்த அளவுக்கே!