இழுத்த நாண்

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் சங்கப் பாடல்களின் வேட்டுவரையும் வில்லையும் விளக்கி வருகிறேன். ஆனால் வில்வேட்டையை நேரில் கண்டது, தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குச் சென்றிருந்த ஓர் அக்டோபரில்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் நடத்தும் பாடத்தைக் கேட்டறிந்தவர், "ஒரு மாலை என்னோடு வந்து உட்காருங்கள்" என்றார். ஒரே நிபந்தனை: இரண்டு நாட்களுக்குத் தலையில் தேங்காய் எண்ணெய் கூடாது. காற்றில் வரும் மணமே மானுக்கு முதல் எச்சரிக்கை. அம்மாவுக்கு எண்ணெயில்லாத என் தலையும் பிடிக்கவில்லை, மான் வேட்டையும் பிடிக்கவில்லை.

வில்லாளர்களுக்கெனத் தனியே ஒரு மான்வேட்டைப் பருவத்தை 1934இலேயே தொடங்கிய மாநிலம் அது. உரிமம், பருவம், நேரம் யாவற்றுக்கும் விதிகள் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். அங்கோ, பெருகிவிட்ட வெண்வால் மான்களைக் கட்டுக்குள் வைக்கும் வழிகளில் வேட்டையும் ஒன்று.

ஓக் மரங்களின் ஓரம், காற்றுக்கு எதிர்த்திசையில் மறைவிடம். இரண்டு மணி நேரம் பேச்சில்லை. பழுப்பேறிய இலைகள் விழும் ஓசை மட்டும் கேட்டது. பொழுது சாயும் வேளையில் ஒரு பெண்மான், உதிர்ந்த ஓக் கொட்டைகளைத் தேடி வந்தது. இருபது அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம். பெரியவர், கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லின் நாணை ஓசையின்றி இழுத்து நிறுத்தினார். மான் எங்களை நேர்நோக்கி நின்றது. அது பக்கவாட்டில் திரும்பவே இல்லை. அவர் கை நடுங்கத் தொடங்கியது. மெல்ல நாணைத் தளர்த்தி வில்லை இறக்கினார். மறுகணம் வெள்ளை வாலை உயர்த்திப் பாய்ந்து மறைந்தது மான்.

இருட்டில் நடந்து வரும்போது காரணம் கேட்டேன். "விலா தெரிந்தால்தான் அம்பு நுரையீரலுக்குப் போகும், சில நொடிகளில் முடிந்துவிடும். நேராக நிற்கையில் எய்தால் காயத்தோடு ஓடும், இரவெல்லாம் துடிக்கும். வெறுங்கையோடு வீடு திரும்புவது அதைவிட மேல்" என்றார்.

என்னால் மறுமொழி சொல்ல இயலவில்லை. பத்து வயதில் உண்டிவில்லால் ஒரு புறாவை அடித்தேன். அது சாகவில்லை, ஒற்றைச் சிறகை இழுத்துக்கொண்டு வேலியோரம் ஊர்ந்தது. எடுக்கவும் துணிவின்றி, முடிக்கவும் துணிவின்றி ஓடிவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் அம்மா விழித்திருந்தார்.

"என்னப்பா, மான் அடிச்சாரா?"

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு" என்றவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் பின்னால் அமர்ந்தார். அந்த விரல்கள் தலையில் அளைந்துகொண்டிருக்கையில்தான், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் புறாவைப் பற்றிச் சொன்னேன். விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மீண்டும் தேய்க்கத் தொடங்கின.

இப்போதும் அதே பாடல்களை நடத்துகிறேன். வில் என்ற சொல் வருமிடத்தில் மட்டும் சற்று நிறுத்தித்தான் மேலே போக முடிகிறது.